மெலிந்த புல்லுக்கு நான் பார்த்த வைத்தியம்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை, பஞ்சிதான், குந்தியிருந்து எழுதச் சோம்பல். அதோடு இந்தக் கதைக்கு நான் தேவையும் இல்லை. சுவிஸில் பேர்ணிலிருந்து வில் வரைக்கும் எங்களுக்குத் தெரிந்த எந்த வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும், எனக்கு முன்னாலேயே அது வந்து கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும். நான் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் யாராவது ஒரு சின்னப் பெடியன், “அண்ணை, எங்கட வீட்டுப் பூச்சாடியைத் தொடாதேங்கோ” என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். (வேறென்ன செய்ய, சப்பாத்தைத் திரும்பப் போடவோ?)

ஆனால் போன மாதம் மலை ரெயிலில் ஒரு சம்பவம் நடந்தது. அதற்குப் பிறகு என் தலையில் இருந்த பாரம் இன்னும் கூடிவிட்டது. எழுதினால் குறையுமென்று நினைக்கிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவன் எழுதுகிறேன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன், என்னுடையதைத் தவிர. அதை மாற்றியும் பிரயோசனமில்லை.

2013ஆம் ஆண்டுக் கோடை. அப்போது நான் எங்கடின் என்கிற மலைப் பள்ளத்தாக்கில் ஒரு ஹொட்டேல் சமையலறையில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். அதற்கு முதல் பெயின்ற் அடிக்கும் தொழில் பழகினேன். முதலாளியின் வாகனத்தில் அவருடைய படம் பெரிதாக ஒட்டியிருந்தது. அதற்கு ஒரு மீசை வைத்தேன். தொழில் பழகுவது அன்றோடு முடிந்தது. (அளவான மீசைதான். உண்மையில் ஆளுக்கு வடிவாகவும் இருந்தது.)

பேர்ணுக்குப் பக்கத்தில், ஓஸ்டர்முண்டிகனில், எங்கள் வீட்டுக்கு எதிர்க்கதவு மயூரி. ஒரே வகுப்பில்தான் இருந்தோம். அவள் படித்தாள். நான் அவள் படிப்பதைப் பார்த்துப் பகிடி பண்ணினேன். அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். மாமாவுக்கு இருந்தது ஒரேயொரு ஆசை. தான் தோய்க்கிற வெள்ளைக் கோட்டில் ஒன்றை ஒருநாள் மகள் போடவேண்டும். மகளோ யூனிக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்குப் போய், மலைப் புல் படிக்கத் தொடங்கினாள். மாமா வெளியில் கேட்பவர்களுக்கு “உயிரியல்” என்று சொல்லிவிட்டு, உடனே காலநிலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்.

அந்தக் கோடையில் மயூரி தன் மாஸ்டர் ஆய்வுக்கு எங்கடினுக்கே வந்து நின்றாள். என் லீவு நாளில் என்னைப் பை தூக்கக் கூட்டிக்கொண்டு போனாள்.

“என்னடி புல்லு டொக்டர், இதில என்னத்தைப் படிக்கிறாய்? பச்சையாக் கிடந்தால் புல்லு, மஞ்சளாக் கிடந்தால் வைக்கல்.”

“சும்மா அலட்டாதை. ஒரு செடியும் தனிய இராது. இன்னாரோடதான் இருக்கும் எண்டு கிடக்கு. சுண்ணாம்புக் கல்லெண்டால் ஒரு கூட்டம். ஈரமெண்டால் இன்னொரு கூட்டம். பனி கனநாள் கரையாமல் கிடக்கிற பள்ளமெண்டால் அதுக்கு வேற கூட்டம். ஆர் ஆரோட நிக்கினமெண்டு பாத்தால் அது என்ன இடம், என்ன மண் எண்டு சொல்லிப்போடலாம்.”

“இதுக்கு ஏன் யூனி? எங்கட அம்மா கலியாண வீட்டில இதைத்தானே செய்யிறவ. ‘நீங்கள் ஊரில எந்தப் பக்கம்?’ எண்டு ஒண்டு. ‘அப்ப இன்னாரைத் தெரியுமோ?’ எண்டு இன்னொண்டு. முடிஞ்சுது. ஆள் எந்தக் கூட்டம், எந்த ஒழுங்கை, ஆரோட கோவம், எல்லாம் வெளிய வந்திடும்.”

மயூரி சிரித்துவிட்டாள். “உங்கட அம்மாவைத்தான் நான் உதவிக்குக் கூட்டிவந்திருக்கவேணும்” என்றாள். அவள் வாழ்க்கையில் சொன்ன மிகச் சரியான வார்த்தை அதுதான் என்று பிறகு தெரிந்தது.

எங்கள் வேலையாட்கள் விடுதிக்குப் பின்னால் ஒரு சரிவு இருக்கிறது. அங்கேதான் அவள் என் கையில் உலோகம் தேடும் கருவியைத் தந்தாள். மண்ணில் அதை ஆட்டிக்கொண்டே நடந்தேன். ஒரு இடத்தில் “கீ” என்று கத்தியது. தோண்டினால் துருப்பிடித்த இரும்பு முளை. பிறகு அடுத்த மூலையில் ஒன்று, அதற்கடுத்த மூலையில் ஒன்று என்று ஒரு சதுரம் வந்தது. மயூரி முழங்காலில் நின்று அந்தத் துருவைத் தடவினாள். யாரோ ஒருவர் எங்கள் அப்பாமார் சுவிஸுக்கு வருவதற்குக் கனகாலம் முன்பே இந்தச் சதுரத்தை முளையடித்து, உள்ளே எந்தெந்தச் செடி நிற்கிறதென்று எழுதி வைத்திருந்தாராம். இப்போது அதே சதுரத்தைத் திரும்பப் பார்த்து, கூட்டம் மாறியிருக்கிறதா என்று ஒப்பிடுவதுதான் அவளுடைய ஆய்வு. இப்படிப் பழைய இடங்கள் அந்தப் பள்ளத்தாக்கில் மிகக் கொஞ்சம்தான் மிச்சமாம். அதிலும் இந்த வகையில் இது ஒன்றுதானாம்.

“மாகர்வீஸ” என்றாள், கோயிலுக்குள் கதைக்கிற குரலில். ஜெர்மனில் மெலிந்த புல்வெளி என்று அர்த்தம்.

நான் குனிந்து பார்த்தேன். மெலிவுதான். என் அப்பாவின் உச்சந்தலை மாதிரி இருந்தது. அங்கொரு நார், இங்கொரு நார். நடுவில் கல். கல்லுக்கிடையில் பொத்தான் அளவில் நீலமாகவும் றோஸாகவும் ஏதோ தலைகாட்டிக்கொண்டிருந்தன. எனக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது.

சுற்றிவரத் தடி நட்டு நாடா கட்டினோம். அவள் என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“நிரூ, பகிடி விடாமல் கேள். நான் இனி அங்கால் பள்ளத்தாக்கில நிக்கப்போறன். பூக்கிற நேரம், ஜூலைக் கடைசியில, புரொபெசர் வருவா. அவவோட சேந்து இதைப் பாத்து எழுதவேணும். இது சரிவந்தால் டொக்டர் பட்டத்துக்கு என்னை எடுக்கிறதெண்டு சொல்லியிருக்கிறா. அண்டைக்கு அப்பாவும் வாறார். நான் என்ன செய்யிறனெண்டு முதல்முதலாப் பாக்கப்போறார். இது போச்செண்டால் எனக்கு எல்லாம் போச்சு. மாடு உள்ளுக்கு வராமல் பாத்துக்கொள். அவ்வளவுதான் உன்ர வேலை.”

“டொக்டர் போனால் நேர்ஸ் பாத்துக்கொள்ளும். நீ போ” என்றேன்.

அவ்வளவுதான் என் வேலை என்று அவள் தெளிவாகச் சொன்னாள். அதை நான் மறுக்கவில்லை.

மாடு வரவில்லை. மணிச்சத்தம் கேட்டாலே நான் கழுவுகிற சட்டியைக்கூட விட்டுவிட்டு ஓடுவேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த வழுக்கைச் சதுரத்தைப் பார்க்கும்போது மனம் கேட்கவில்லை. புரொபெசர் இவ்வளவு தூரம் வருவா. மாமா வேலைக்கு லீவு போட்டு வருவார். வந்து இந்தச் சொறிப் புல்லையா பார்ப்பது? மயூரியின் மானம் என்னாவது?

சமையலறையில் செல்வா அண்ணை இருந்தார். யாழ்ப்பாணத்தில் மிளகாய்த் தோட்டம் செய்தவர். விடுதி யன்னலில் அவர் வைத்திருந்த மிளகாய்ச் சாடியைப் பார்த்து ஹொட்டேல் விருந்தாளிகளே படம் எடுப்பார்கள். அவரிடம் போய் நின்றேன்.

“அண்ணை, ஒரு புல்லு கிடக்கு. ஆள் நல்லா மெலிஞ்சுபோச்சு.”

“மண் எப்பிடி?”

“கல்லுத்தான்.”

“சத்துக் காணாது” என்றார், நாடி பிடித்த பரியாரி மாதிரி. “மீன் கழுவின தண்ணியை ஊத்து. பேந்து சாணியைக் கரைச்சு விடு. ஒரு மாதத்தில ஆளை அடையாளம் தெரியாது.”

செல்வா அண்ணையில் பிழை இல்லை. நான் அவரிடம் ஆய்வு, முளை, புரொபெசர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பெருமையில் அவருக்கும் பங்கு போய்விடுமே!

அன்றிலிருந்து ஹொட்டேலில் மீன் வந்த நாளெல்லாம் சதுரத்துக்கு விருந்து. மயோனேஸ் வந்த பெரிய வாளியில் மீன் தண்ணி, அரிசி கழுவின தண்ணி, மரக்கறி கழுவின தண்ணி எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நாடாவைத் தாண்டுவேன். மேலே மேய்ச்சலுக்குப் போய்ச் சுடச்சுடச் சாணி அள்ளி வருவேன். அந்த மாடுகள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. அவற்றுக்கு விளங்கியிருக்கிறது.

மருந்து வேலை செய்தது. புல் முதலில் கறுத்தது, பிறகு கொழுத்தது, பிறகு முழங்காலைத் தொட்டது. பொத்தான் பூக்களைக் காணவில்லை. கீழே எங்கேயோ நிற்கும், வெயில் படாமல் நல்லது என்று நினைத்தேன்.

மயூரி இடைக்கிடை வட்ஸ்அப்பில் கேட்பாள்.

“மாடு வரேல்லைத்தானே?”

“ஒரு மாடும் வரேல்லை.”

“ஒரு படம் அனுப்படா.”

“அனுப்பமாட்டன். நேர வந்து பார். அதிசயிச்சுப்போவாய்.”

அதற்கு அவள் ஒரு சிரிப்பு முகம் அனுப்பினாள். அந்த முகம் இன்னும் என் போனில் கிடக்கிறது. அழிக்க மனம் வரவில்லை.

அந்த நாள் வந்தது. நான் தலைக்கு ஜெல் வைத்து, இஸ்திரி போட்ட சேட்டுடன் மலையேறினேன். (ஓம், சேட். மாப்பிள்ளைத் தோழன் மாதிரி.) முன்னால் புரொபெசர், வெயிலில் காய்ந்த, அதிகம் கதைக்காத பெண். அவவுக்குப் பக்கத்தில் மயூரி. பின்னால் மாமா, ஆஸ்பத்திரிச் சப்பாத்தோடு மூச்சு வாங்கிக்கொண்டு. வழியில் மயூரி இரண்டு மூன்று இடங்களில் நின்று, இது இன்ன கூட்டம், இங்கே பனி நிற்கும் என்று விளக்கினாள். புரொபெசர் தலையாட்டினா. மாமா எதிலும் ஒன்றையும் காணாமல், “ம்… கல்லுத்தானே பிள்ளை” என்று பெருமூச்சு விட்டார்.

சரிவு திரும்பியது. தெரிந்தது.

மலை முழுக்கச் சாம்பலும் மஞ்சளுமாகக் கிடக்க, நடுவில் கத்தியால் வெட்டி ஒட்டியதுபோல ஒரு கரும்பச்சைச் சதுரம். வீட்டு விறாந்தையில் விரிக்கிற கம்பளம் மாதிரி. புரொபெசர் நின்றுவிட்டா. மயூரியும் நின்றாள். மாமா மட்டும் எங்களைத் தாண்டி முன்னால் நடந்தார்.

“ஆ! இதெல்லோ புல்லு! பிள்ளை, இதைத்தானே நீ செய்தனி? மற்றதெல்லாம் வாடி வதங்கிக் கிடக்க, இது பாரன்!”

அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முதல் பார்த்ததில்லை.

புரொபெசர் மெதுவாகப் போய்க் குனிந்தா. புல்லை விரலால் விலக்கினா. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தா. நிமிர்ந்து, ஜெர்மனில், எல்லோருக்கும் பொதுவாகக் கேட்டா:

“இதற்கு யாராவது ஏதாவது செய்தீர்களா?”

நான் கையை உயர்த்தினேன். பள்ளிக்கூடத்தில் இருந்த காலம் முழுக்க ஒருநாளும் உயர்த்தாத கை. அன்றைக்கு மட்டும் தோள் கழன்றுவிடுகிற அளவுக்கு உயர்த்தினேன்.

“நான்!”

அதோடு நின்றிருக்கலாம். நான் நிற்கவில்லை. மீன் தண்ணியிலிருந்து தொடங்கினேன். சாணியை எந்தப் பதத்தில் கரைப்பது என்று கையால் காட்டினேன். பரிசு வாங்க மேடையேறியவன் மாதிரி, “செல்வா அண்ணைக்கும் இதில் பங்கு உண்டு” என்று அவருடைய பெயரையும் சொன்னேன். புரொபெசர் புல்லுக்குள்ளிருந்து ஒரு சின்னச் செடியை மெதுவாக இழுத்து எடுத்தா.

“இது?”

“தக்காளி!” என்றார் மாமா சந்தோசமாக. சுவிஸ் வந்த இத்தனை வருடத்தில் ஒரு புரொபெசரின் கேள்விக்கு அவர் பதில் சொன்னது அதுதான் முதல்தடவை.

புரொபெசர் தொப்பியைக் கழற்றினா. செத்தவீட்டில் நிற்பதுபோல நின்றா. அவவுடைய காற்சட்டை முழங்காலில் ஒரு மீன் செதில் ஒட்டி, வெயிலுக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெங்கும் பார்க்க இடமில்லை.

மயூரி என் பக்கம் திரும்பினாள்.

“மாட்டை விடாதை எண்டெல்லோ சொன்னனான்?”

“ஒரு மாடும் வரேல்லை மயூ, சத்தியமா. நானே காவிக்கொண்டு வந்து போட்டனான்.”

அவள் தடியில் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்துக் கையில் சுற்றினாள். பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்:

“அதில நிண்டதெல்லாம் பசியில வாழப் பழகினதுகளடா. சாப்பாடு குடுத்தால் பெருத்ததுகள் வந்து ஏறி அமத்திப்போடும். இவ்வளவு காலமும் அதுகள் உயிரோட நிண்டதே ஒருத்தரும் ஒண்டும் குடுக்காததாலதான்.”

என் காது சூடாகியது. அன்றைக்குத்தான் எனக்குக் காது இருக்கிறதென்றே தெரிந்தது. இஸ்திரி போட்ட சேட்டைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு, சரிவில் உருண்டு, கீழே ஓடுகிற ‘இன்’ என்ற ஆற்றில் விழுந்து, அதோடு ஒஸ்திரியா வரைக்கும் போய்விடலாம் போலிருந்தது.

எங்கள் முகங்களைப் பார்த்து மாமாவுக்கு ஏதோ தட்டியது.

“என்ன பிள்ளை… பிழையோ?”

மயூரி அப்பாவைப் பார்த்தாள். அவருடைய கையில் அந்தத் தக்காளிக் கன்று. புரொபெசர் அதை அவரிடம் கொடுத்திருந்தா. அவர் அதைப் பத்திரமாக வேரோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

“இல்லையப்பா. நல்லாத்தான் வளந்திருக்கு” என்றாள்.

மாமா உடனே போனை எடுத்து என்னிடம் நீட்டினார். “தம்பி, எங்களை ஒருக்கா இதில வைச்சு எடும்.” பச்சைச் சதுரத்துக்கு முன்னால் அப்பாவும் மகளும். மாமா அவளுடைய தோளில் கை போட்டார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கமெராவுக்குள்ளால் பார்த்தவன் நான் ஒருவன்தான். சரிவில் நின்று எடுத்ததால் படமும் கொஞ்சம் சரிவாக வந்தது. அது இப்போதும் ஓஸ்டர்முண்டிகன் வீட்டு வரவேற்பறையில், சாமிப்படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

அந்தச் சதுரத்தை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். எந்தக் கூட்டத்தோடும் அது சேராதாம். ஒப்பிட ஆளில்லாமல் ஆய்வு நொண்டியாகி, மயூரி இன்னொரு கோடை முழுக்க வேறொரு பள்ளத்தாக்கில் முதலிலிருந்து தொடங்கவேண்டி வந்தது. டொக்டர் பட்டத்துக்கான இடம் வேறொருவருக்குப் போனது. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் என்னோடு கதைக்கவில்லை. எதிர்க்கதவு திறக்கிற சத்தம் கேட்டால் நான் பூனை மாதிரி உள்ளே போய்விடுவேன். அடுத்த கோடையில் பை தூக்கவென்று போய் நின்றேன். விரட்டவில்லை. என் தண்ணிப் போத்தலை மட்டும் வாங்கி மணந்து பார்த்துவிட்டு, “நட” என்றாள்.

இப்போது அவள் ஒரு மாநில அலுவலகத்தில் வேலை. மெலிந்த புல்வெளிக்குப் பசளை போடவேண்டாமென்று கமக்காரரிடம் போய்ச் சொல்வதுதான் அங்கே அவளுக்கு வேலையே. (நான் வாய் திறக்கவில்லை.)

எல்லா வீட்டுக்கும் உண்மை தெரியும், மாமாவைத் தவிர. மாமா வந்திருக்கும் வீட்டில் இந்தக் கதை வாய் மூடிவிடும். அங்கே அவருடைய கதைதான் ஓடும்.

போன மாதம் கனடாவிலிருந்து மயூரியின் பெரியம்மா வந்திருந்தா. மாமா எங்கள் எல்லோரையும் எங்கடின் பார்க்க மலை ரெயிலில் கூட்டிக்கொண்டு போனார். மயூரிக்கு வேலை, வரவில்லை. எங்கள் சரிவு தெரிகிற வளைவு வந்ததும் மாமா எழும்பி யன்னலில் விரலை வைத்தார்.

“அந்தா, அந்தா! பச்சையா ஒரு சதுரம் தெரியுதெல்லோ? அது என்ர மகள் செய்தது. இத்தினை வருசமாகியும் வாடேல்லை. இந்த மலையில வேற ஒருத்தராலயும் ஏலாமப்போன விசயம்.”

இருந்தது. இத்தனை பனிக்குப் பிறகும், கம்பளம் மாதிரி, அப்படியே. முன்சீற்றில் இருந்த வெள்ளைக்காரத் தம்பதிகூட எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். பெரியம்மா படம் எடுத்தா. பிறகு என்னைப் பார்த்து,

“தம்பியும் இதில ஏதோ உதவி செய்ததெண்டு கேள்வி?” என்றா.

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாமாதான் என் முதுகில் தட்டிப் பதில் சொன்னார்.

“ஓம் ஓம். மாடு வராமல் பாத்தது இவர்தான்!”

அதுதான் அந்தச் சம்பவம். அன்றிரவே எழுதத் தொடங்கினேன். மாமா மரண அறிவித்தலைத் தவிர வேறொன்றும் வாசிப்பதில்லை, அந்தப் பயம் இல்லை. எழுதி முடித்ததும் மயூரிக்கு அனுப்பினேன். “முடிவு கொஞ்சம் மெலிவா இருக்கு. கடைசியில உருக்கமா மன்னிப்புக் கேட்டு இன்னும் ரெண்டு பந்தி சேக்கட்டோ?” என்று கேட்டேன். வாசித்துவிட்டாள் என்று வட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுந்தது. பிறகு பதில் வந்தது:

“மெலிவா இருந்தால் இருக்கட்டும், நீ ஒண்டும் ஊத்தாதை.”